புட் டாஹோ: ஒரு மலை, ஒரு புகைப்படம்

பிலிப்பைன்ஸின் தெற்கே சூலு தீவுக்கூட்டத்தில் ஹோலோ என்றொரு தீவு உள்ளது. அங்கே புட் டாஹோ என்னும் எரிமலையின் உச்சியில், 1906 மார்ச் மாதம், குடும்பம் குடும்பமாக அடைக்கலம் புகுந்திருந்த நூற்றுக்கணக்கான முஸ்லிம்களை அமெரிக்கப் படை கொன்று குவித்தது. நம் பிள்ளைகளுள் இம்மலையின் பெயரைக் கேள்விப்பட்டோர் அரிது. நாமும் வெகுகாலம் அறியாதிருந்தோம்.

1898இல் ஸ்பெயினைப் போரில் வென்ற அமெரிக்கா, அந்நாட்டுக்கு இரண்டு கோடி டாலர் கொடுத்துப் பிலிப்பைன்ஸைப் பெற்றது. அம்மண்ணின் மக்களை ஒருவரும் கேட்கவில்லை. வடக்கே விடுதலை கோரியவர்களுடன் போர் மூண்டது. அந்நேரத்தில் தெற்கே, மோரோக்கள் என அழைக்கப்பட்ட முஸ்லிம்களையும் பகைத்துக்கொள்ள விரும்பாத அமெரிக்கா, 1899இல் சூலு சுல்தானுடன் உடன்படிக்கை செய்தது. சமயத்தில் தலையிடமாட்டோம் என்று அதில் வாக்களித்தது. வடக்கே போர் தணிந்தபின், 1904இல் அவ்வுடன்படிக்கையைத் தானே முறித்தது, தலைவரியும் விதித்தது.

அடிமைமுறையை ஒழிப்பதும் தம் நோக்கம் என்று அமெரிக்க ஆட்சியாளர் கூறினர். மோரோ சமூகத்தில் அடிமைமுறை இருந்தது உண்மை. அதை நாம் மறைக்கலாகாது. ஆனால் அதே ஆண்டுகளில் அவர்களுடைய சொந்த நாட்டில் கறுப்பின மக்களை வெறிக்கும்பல்கள் மரத்தில் தூக்கிட்டுக் கொன்றன. அக்காட்சிகள் படமெடுக்கப்பட்டு அஞ்சலட்டைகளாக விற்கப்பட்டன.

வரி செலுத்த மறுத்தோர் புட் டாஹோவின் உச்சிக்கு ஏறினர். ஆளுநர் ஜெனரல் லெனார்டு வுட் படையை அனுப்பினார். மலைமேல் பீரங்கிகள் இழுத்துச் செல்லப்பட்டன. எதிரே இருந்தவர்களிடம் பெரும்பாலும் வாளும் ஈட்டியும், சில துப்பாக்கிகளும் இருந்தன. வுட் தம் அறிக்கையில் இறந்தோர் ஏறத்தாழ 600 பேர் என்றார்; ஆயிரத்தை நெருங்கும் என்போரும் உளர். உயிர் பிழைத்தோர் மிகச் சிலர். அமெரிக்கர் தரப்பில் மாண்டவர் இருபது பேர் அளவே. பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டது ஏன் என்ற கேள்வி எழுந்தபோது, பெண்கள் ஆணுடையில் போரிட்டனர் என்றும் குழந்தைகள் கேடயமாக்கப்பட்டனர் என்றும் வுட் விளக்கம் அளித்தார். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டோ முன்னரே வாழ்த்துத் தந்தி அனுப்பிவிட்டார்.

எழுத்தாளர் மார்க் ட்வைன் கொதித்தார். அவர் சொல்லி எழுதுவித்த கண்டனம் அவர் உயிரோடிருந்தவரை அச்சேறவில்லை. ஆனால் ஒரு புகைப்படம் வெளிவந்தது. பிணங்கள் நிறைந்த பள்ளம், அதன் விளிம்பில் நிற்கும் படைவீரர்கள். அட்லாண்டாவில் பேராசிரியராக இருந்த கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸ் அதைக் கண்டார். அதன் பெரிய பிரதியைத் தம் வகுப்பறைச் சுவரில் மாட்ட விரும்பி, மூர்ஃபீல்டு ஸ்டோரி என்பவருக்குக் கடிதம் எழுதினார். போர் என்றால் என்ன, நாடு பிடித்தல் என்றால் என்ன என்பதை மாணவர்கள் கண்ணால் காணவேண்டும் என்பது அவர் எண்ணம். தூக்கிடப்பட்டோரின் படங்கள் விற்கப்பட்ட நாட்டில் வாழ்ந்தவருக்கு, பள்ளத்தில் கிடந்த மோரோக்கள் அந்நியராகத் தோன்றவில்லை.

அந்த ஸ்டோரி யார்? பாஸ்டன் நகர வழக்கறிஞர், வெள்ளையர். 1898இல் தொடங்கிய ஏகாதிபத்திய எதிர்ப்புக் கழகத்தின் தலைவராக இருந்தவர். பின்னர், கறுப்பின மக்களின் உரிமைக்காக 1909இல் உருவான என்.ஏ.ஏ.சி.பி. சங்கத்தின் முதல் தலைவரானவரும் அவரே. கறுப்பினத்தவர் இன்ன தெருவில் குடியிருக்கக்கூடாது என்று ஒரு நகரம் இயற்றிய சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வாதாடி, 1917இல் வென்றார். கடல் கடந்து நிகழ்ந்த கொடுமையும் தம் வீதியில் நிகழ்ந்த கொடுமையும் அவருக்கு இருவேறு வழக்குகளாகத் தெரியவில்லை.

அவர் மோரோவும் அல்லர், கறுப்பினத்தவரும் அல்லர், முஸ்லிமும் அல்லர். உறவினருக்கு எதிராயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்கவேண்டும் என்று நம் திருமறை நம்மைப் பணிக்கிறது. நம்மவர் கொல்லப்படும்போது நாம் அழுகிறோம், அது இயல்பு. பிறர் ஒடுக்கப்படும்போது, அதுவும் நம்மவரே ஒடுக்கும்போது, நாம் என்ன செய்கிறோம்? புட் டாஹோவின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் நாளில், இக்கேள்வியையும் சேர்த்தே சொல்வோம்.