அமெரிக்காவில் 'அர்ஜென்ட் கேர்' என்றால் என்ன? எமர்ஜென்சிக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? பில் எங்கே எகிறுகிறது?

அமெரிக்காவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருக்கிறார் அம்மா. சனிக்கிழமை சாயங்காலம் திடீரெனக் காய்ச்சல், தொண்டை வலி. நம்ம ஊர் என்றால் தெருமுனை கிளினிக்கில் டாக்டரைப் பார்த்து, ஊசி போட்டுக்கொண்டு, அரை மணி நேரத்தில் வீடு திரும்பிவிடலாம். அங்கே அப்படி இல்லை. குடும்ப டாக்டரைப் பார்க்க முன்பதிவு வேண்டும்; வார இறுதியில் பெரும்பாலும் கிளினிக் பூட்டியிருக்கும். பெரிய மருத்துவமனையின் எமர்ஜென்சிக்குப் போனால் மணிக்கணக்கில் காத்திருக்கணும். பில்லும் ஆயிரக்கணக்கான டாலரில் வரலாம்.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மூன்றாவது கதவுதான் 'அர்ஜென்ட் கேர்'. அங்கே என்ன சிகிச்சை கிடைக்கும்? அந்தக் கிளினிக்குகள் எப்படிச் சம்பாதிக்கின்றன? பார்க்கலாம்.

அர்ஜென்ட் கேரில் என்ன கிடைக்கும்?

1970களில் அமெரிக்காவில் தொடங்கிய முறை இது. முன்பதிவு தேவையில்லை, நேராகப் போகலாம். இரவு எட்டு மணி வரையும், சனி, ஞாயிறுகளிலும் பல இடங்களில் திறந்திருக்கும். ஆனால் 24 மணி நேர சேவையைப் பெரும்பாலும் எதிர்பார்க்க முடியாது.

எக்ஸ்ரே எடுப்பார்கள். வெட்டுக்காயத்துக்குத் தையல் போடுவார்கள். தொண்டைத் தொற்று, ஃப்ளூ, கோவிட், சிறுநீர்த் தொற்று போன்றவற்றுக்குச் சில நிமிடங்களில் முடிவு தெரியும் பரிசோதனைகள் உண்டு. சிடி ஸ்கேன், அறுவை சிகிச்சை, படுக்கையில் அனுமதிப்பது எல்லாம் பொதுவாகக் கிடையாது.

உங்களைப் பார்ப்பவர் டாக்டராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பயிற்சியும் உரிமமும் பெற்ற 'நர்ஸ் பிராக்டிஷனர்', 'பிசிஷியன் அசிஸ்டென்ட்' ஆகியோர் பார்ப்பது அங்கே சகஜம்.

எதற்குப் போகக் கூடாது?

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், முகம் கோணுதல், திடீரெனப் பேச்சு குழறுதல், ஒரு பக்கக் கை கால் மரத்துப்போதல், நிற்காத ரத்தப்போக்கு, தலையில் பலத்த அடி... இவற்றில் எது வந்தாலும் அர்ஜென்ட் கேர் வேண்டாம். உடனே 911-ஐ அழைக்க வேண்டும்.

'பக்கத்துலதானே இருக்கு, முதல்ல அங்கே காட்டிடலாம்' என்று போனால், அவர்கள் ஈசிஜி எடுத்துவிட்டு ஆம்புலன்ஸைத்தான் கூப்பிடுவார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். அந்த நேரம் வீணாகிவிடும்.

கிளினிக் எப்படிச் சம்பாதிக்கிறது?

இங்கேதான் வியாபாரக் கணக்கு வருகிறது. காப்பீட்டு நிறுவனங்கள் இவர்களுக்கு இரண்டு விதமாகப் பணம் தருகின்றன.

ஒன்று, நோயின் சிக்கலுக்கு ஏற்ற கட்டணம். டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு எவ்வளவு சிக்கலானது அல்லது எவ்வளவு நேரம் செலவானது என்பதை வைத்துப் பில்லின் நிலை முடிவாகும். இந்த விதி 2021 முதல் அமலில் இருக்கிறது.

இன்னொன்று, 'ஒரு வருகைக்கு இவ்வளவு' என்ற ஒரே கட்டணம். இதில் சளிக்கு வந்தவருக்கும், கையில் ஐந்து தையல் போட்டவருக்கும் கிளினிக்குக்குக் கிடைப்பது ஒரே தொகை. முதலாமவரைப் பத்து நிமிடத்தில் அனுப்பிவிடலாம். இரண்டாமவருக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். அப்படியென்றால் லாபம் எங்கே இருக்கிறது? எளிய நோய், நிறைய ஆட்கள், குறைந்த நேரம். வாடகை, எக்ஸ்ரே இயந்திரம், ஊழியர் சம்பளம் என்ற செலவுகள் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் நோயாளி உள்ளே வந்து வெளியே போகும் நேரத்தை இந்தத் துறையில் நிமிடக் கணக்கில் அளக்கிறார்கள்.

இது சிகிச்சையைப் பாதிக்குமா?

பாதிக்க வாய்ப்பு உண்டு. வைரஸால் வரும் சளிக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. ஆனால் 'காசு கொடுத்து வந்திருக்கேன், மாத்திரை எழுதுங்க' என்பவருக்கு இதை விளக்க நேரம் பிடிக்கும். மருந்துச்சீட்டு எழுத ஒரு நிமிடம் போதும்.

2018-ல் 'ஜாமா இன்டர்னல் மெடிசின்' இதழில் வெளியான ஆய்வு, 2014-ம் ஆண்டின் காப்பீட்டுத் தரவுகளை அலசியது. ஆன்டிபயாடிக் தேவையே இல்லாத சுவாசப் பிரச்சினைகளுக்காக அர்ஜென்ட் கேருக்கு வந்தவர்களில் 45.7 சதவீதம் பேருக்கு அது எழுதப்பட்டிருந்தது. எமர்ஜென்சியில் இது 24.6 சதவீதம், வழக்கமான டாக்டர் கிளினிக்குகளில் 17 சதவீதம். அதனால் 'இந்த மருந்து கட்டாயம் தேவையா?' என்று நோயாளி கேட்பதில் தப்பே இல்லை.

பணம் இல்லையென்றால் திருப்பி அனுப்பலாமா?

மெடிகேர் திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளின் எமர்ஜென்சிக்கு யார் வந்தாலும், பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்து, ஆபத்தான நிலையில் இருந்தால் உடல்நிலையைச் சீராக்க வேண்டும். இது 1986-ல் வந்த 'எம்டாலா' சட்டம். ஆனால் இலவசம் என்று அர்த்தமில்லை, பில் பிறகு வரும்.

தனியாக இயங்கும் அர்ஜென்ட் கேர்களுக்குப் பொதுவாக இந்தச் சட்டம் பொருந்தாது. முன்பணம் கேட்கலாம், உங்கள் காப்பீட்டை ஏற்க மாட்டோம் என்றும் சொல்லலாம்.

2022 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள 'நோ சர்ப்ரைசஸ்' சட்டமும் அப்படித்தான். காப்பீட்டு வலையமைப்புக்கு வெளியே அவசர சிகிச்சை பெற்றால் வரும் அதிர்ச்சி பில்லிலிருந்து அது பாதுகாக்கிறது. சாதாரண அர்ஜென்ட் கேர் வருகைக்குப் பெரும்பாலும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

போர்டைப் பார்த்து ஏமாறுவது எப்படி?

மருத்துவமனையோடு ஒட்டாமல், கடைவீதியிலேயே தனியாக இயங்கும் எமர்ஜென்சி மையங்களும் உண்டு. டெக்சாஸில் 2009-ல் இவற்றுக்கு உரிமம் வழங்கும் சட்டம் வந்தது. அதன் பிறகு அங்கே இவை பெருகின. பார்க்க அர்ஜென்ட் கேர் மாதிரியே இருக்கும். ஆனால் பில் எமர்ஜென்சி பில். டாக்டர் கட்டணம் தனி, அந்த இடத்தைப் பயன்படுத்தியதற்கான 'ஃபெசிலிட்டி' கட்டணம் தனி. அதே காய்ச்சல், அதே மாத்திரை, கதவு மட்டும் வேறு. தொகையோ பல மடங்கு!

பெயரில் 'எமர்ஜென்சி' அல்லது 'இஆர்' என்ற சொல் இருந்தால், அது அர்ஜென்ட் கேர் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

விசிட்டர் விசாவில் போகும் பெற்றோர் கவனிக்க வேண்டியவை

* பயணக் காப்பீடு வாங்கும்போதே அர்ஜென்ட் கேருக்கு எவ்வளவு கிடைக்கும், எமர்ஜென்சிக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். சில திட்டங்கள் ஒரு வருகைக்குக் குறிப்பிட்ட தொகை மட்டுமே தரும். மீதி உங்கள் கையிலிருந்து.

* சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற பழைய நோய்களுக்குப் பல திட்டங்களில் கட்டுப்பாடு உண்டு. பாலிசியில் அந்தப் பகுதியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

* கவுன்ட்டரில் கேட்க வேண்டியவை மூன்று: 'இது அர்ஜென்ட் கேரா, எமர்ஜென்சியா?', 'என் காப்பீட்டை ஏற்பீர்களா?', 'நேரடியாகப் பணம் கட்டினால் எவ்வளவு?'

* வீட்டுக்கு அருகில் உள்ள அர்ஜென்ட் கேர் எது, எமர்ஜென்சி எது என்று அமெரிக்கா போய் இறங்கிய முதல் வாரத்திலேயே பிள்ளைகளிடம் கேட்டு, முகவரியை போனில் சேமித்து வையுங்கள்.

காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் அர்ஜென்ட் கேர் போதும். நெஞ்சு வலி என்றால் பில்லைப் பற்றி யோசிக்கவே கூடாது, 911தான்.