ஸ்கேன் அறைக்குள் ஒரு செம்புச் சுருள்

பன்விலவிலிருந்து தலை ஸ்கேனுக்காகக் கண்டிக்கு இறங்குகிற ஒரு பெண்ணுக்கு எம்.ஆர்.ஐ. அறை வாசலில் பெரிய வேலை இருக்கிறது. தோடு, கொண்டை ஊசி, சேலையில் குத்திய ஊக்கு எல்லாம் கழற்ற வேண்டும். மூக்குத்தித் திருகு வருஷக்கணக்கில் இறுகிப்போயிருக்கும். சோப்பு நுரை வைத்துத்தான் அசைக்க முடியும். கடைசியில் தாலி. உள்ளே இருக்கும் காந்தம் பூமியின் காந்தப்புலத்தைப்போலப் பல பத்தாயிரம் மடங்கு வலியது. உலோகம் எதுவும் உள்ளே வரக்கூடாது.

அப்படிப்பட்ட அறைக்குள், ஆயிரக்கணக்கான அம்பியர் மின்சாரம் பாய்கிற ஒரு செம்புக் கம்பிச் சுருளைக் கொண்டுபோய், படுத்திருப்பவரின் தலையோடு சேர்த்துவைத்து இயக்கியிருக்கிறார்கள். அந்தச் சுருள் அங்கே போய்ச் சேர 167 ஆண்டுகள் எடுத்தன.

அதன் பிறப்பு 1831 ஆகஸ்ட் 29. லண்டனில் மைக்கேல் பரடே ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச் சுருள்களைச் சுற்றி, ஒன்றில் மின்சாரத்தை விட்டார். மற்றதோடு இணைத்த ஊசி ஒரு கணம் துள்ளி அடங்கியது. மின்சாரம் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தபோது ஊசி அசையவேயில்லை. நிறுத்தியபோது மறுபடி துள்ளியது. மாறுகிற காந்தம்தான் மின்சாரத்தைப் பிறப்பிக்கும். சுருளின் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு விதியின்மேல்தான் நிற்கிறது.

1896இல் பாரிஸில் தர்சொன்வால் என்ற விஞ்ஞானி பெரிய சுருளுக்குள் மனிதத் தலையை வைத்தார். உள்ளே இருந்தவருக்கு ஒளி மினுங்கியது, தலை சுற்றியது. 1910இல் லண்டனில் சில்வானஸ் தொம்சனும் அந்த மினுக்கத்தைக் கண்டார். ஆனால் விழித்தது மூளையல்ல, பெரும்பாலும் கண்ணின் விழித்திரைதான். அதன்பின் சுருள் நீண்ட காலம் உறங்கியது.

எழுப்பியவர் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்து அன்டனி பார்க்கர். 1985இல் அவரும் குழுவினரும் மின்தேக்கியில் சேர்த்த மின்சாரத்தை ஒரு மில்லிசெக்கனுக்கும் குறைந்த நேரத்தில் சுருளுக்குள் கொட்டினார்கள். உச்சந்தலைக்குச் சற்றுப் பக்கத்தில் சுருள். எதிர்ப்பக்கக் கையில் விரல் துடித்தது. அதற்கு 5 ஆண்டுகளுக்கு முன் தலைத்தோல் வழியே நேரடியாக மின்சாரம் பாய்ச்சியவர்களும் விரலை அசைத்தார்கள்தான், ஆனால் அது வலித்தது. சுருள் வலியில்லாமல் மண்டையோட்டைத் தாண்டியது. 1988இல் ஜப்பானின் ஷோகோ உஎனோ அதை எட்டு வடிவில் முறுக்கினார். இரண்டு ஓடை கலக்குமிடத்தில் வேகம் கூடுவதுபோல, இரண்டு வளையமும் தொடுமிடத்தில் வலு குவிந்தது.

இருந்தும் சுருள் குருடாகவே இருந்தது. விரல் துடித்தால் தெரியும். சிந்தனைக்கும் மனநிலைக்கும் உரிய இடங்களைத் தட்டினால் வெளியே எதுவும் தெரியாது.

பார்க்கும் கண் வேறு வழியில் வந்துகொண்டிருந்தது. ஒட்சிசன் இழந்த இரத்தம் காந்தத்துக்கு வேறு மாதிரி நடந்துகொள்கிறது என்று விஞ்ஞானிகளான பாலிங்கும் கோரியலும் 1936இலேயே காட்டியிருந்தார்கள். 1990இல் செய்ஜி ஒகாவா அதை எம்.ஆர்.ஐ. படத்தில் பிடித்தார். வேலை செய்யும் மூளைப் பகுதிக்கு இரத்தம் விரைவதை, சில செக்கன் தாமதத்தோடு, பார்க்க முடிந்தது.

பார்ப்பது மட்டும் போதாது. பழைய தேயிலைத் தோட்டங்களில் விடியுமுன் ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குத் திரள, அழைத்துத் தப்புப் பறை அடிப்பார்கள். அடுத்த மலையின் லயங்களில் விளக்கு எரியத் தொடங்கும். அதே வேளையில் சேவலும் கூவும். தூரத்திலிருந்து விளக்கை மட்டும் பார்ப்பவருக்கு, ஆட்களை எழுப்பியது தப்பா சேவலா என்று எப்படித் தெரியும்? ஒரு நாள் நேரம் தவறி, நாமே தப்பை எடுத்து அடித்துப் பார்க்கவேண்டும். மூளைப் படம் விளக்குகளைக் காட்டும். தப்பை அடிப்பது சுருள். இரண்டும் ஒரே அறையில் இருந்தால்தான் எது எதை எழுப்புகிறது என்று கேட்க முடியும்.

1998இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில் டாரில் போனிங் குழுவினர் அதைச் செய்துகாட்டினார்கள். செம்பைக் காந்தம் இழுக்காது. ஆனால் மின்சாரம் பாயும் செம்பை உதறித் தள்ளும். அதனால் சுருளின் கூட்டில் இரும்பே இல்லாமல், அதிர்வைத் தாங்கும்படி செய்யவேண்டும். மின்தேக்கிப் பெட்டி அறைக்கு வெளியே நிற்கும், நீண்ட வடம் மட்டும் உள்ளே வரும். ஸ்கேனர் படம் எடுக்கும் நொடியில் சுருள் தட்டினால் படம் பாழ். ஆகவே இரண்டு படங்களுக்கு நடுவிலுள்ள சிறு இடைவெளியில் தட்டவேண்டும். சுருளில் கசியும் மிகச் சிறு மின்சாரம்கூடப் படத்தைக் கலைத்துவிடும். இத்தனைக்கும் பிறகு பெருவிரலுக்குரிய மூளைப் பகுதி திரையில் ஒளிர்ந்தது.

என்னை அதிகம் நெகிழவைப்பது 2004இல் ஜேர்மனியின் கோட்டிங்கனில் ஸ்வென் பெஸ்ட்மன் குழு கண்டது. விரல் துடிக்காத அளவுக்கு மெல்லத் தட்டினார்கள். தட்டிய இடத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை; அதனோடு பிணைந்த தூரத்து இயக்கப் பகுதிகளில் மாற்றம் தெரிந்தது. தப்பு அடித்த களம் இருளில் கிடக்க, அடுத்த மலையில் விளக்கு. 2006இல் லண்டனில் கிறிஸ்டியன் ரஃப் குழு மூளையின் முன்பக்கத்தில் கண் அசைவுக்குரிய இடத்தைத் தட்ட, மூளையின் பின்பக்கத்துப் பார்வைப் பகுதியின் செயற்பாடு மாறியது. ஓரத்தில் பார்ப்பதும் நடுவில் பார்ப்பதோடு ஒப்பிடத் துலக்கமாகத் தெரிந்தது. 2015இல் வியன்னாவில், தட்டும் சுருளுக்கும் தலைக்கும் நடுவே வைத்து, படத்துக்கான சமிக்ஞையை வாங்கும் மெல்லிய ஏற்பிச் சுருள்களைச் செய்தார்கள். படம் இன்னும் தெளிந்தது.

இதன் பயன் நோயாளியிடம் வந்துவிட்டது. மனச்சோர்வுக்குச் சுருள் வைத்தியம் செய்த ஆரம்ப காலத்தில், விரல் துடிக்கும் இடத்திலிருந்து 5 சென்ரிமீற்றர் முன்னால் அளந்து வைத்தார்கள். எல்லாத் தலைக்கும் ஒரே அளவு! 2012இல் மைக்கேல் ஃபொக்ஸ் குழு, மூளையின் ஆழத்திலுள்ள ஒரு பகுதியோடு எதிராக அசையும் இடத்தில் தட்டினால் பலன் கூடுகிறது என்று எழுதியது. ஆளாளுக்கு முதலில் ஸ்கேன் எடுத்து, அது காட்டும் இடத்தில் நாளுக்கு 10 அமர்வு வீதம் 5 நாள் தட்டும் ஸ்ரான்ஃபோர்ட் முறைக்கு 2022இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. பெங்களூரு நிம்ஹான்ஸில், இல்லாத குரல் காதில் கேட்பவர்களுக்கு, சுருளுக்குப் பதிலாக மெல்லிய மின்தூண்டலும் மூளைப் படமும் சேர்த்து ஆய்வுகள் நடக்கின்றன. அத்தகைய குரலைப் பேய் என்று சொல்லிக் கோயில் கோயிலாக அலைந்த குடும்பங்களை மலையகத்தில் யாருக்குத்தான் தெரியாது?

பன்விலவிலோ மடுல்கலையிலோ உயர்தரம் படிக்கிற பிள்ளைக்கு ஒன்று சொல்லவேண்டும். பார்க்கர் மருத்துவர் அல்ல, மருத்துவப் பௌதிகவியலாளர். போனிங்கும் பௌதிகவியலாளரே. மருத்துவ பீடத்துக்குப் புள்ளி போதவில்லை என்றால் மூளையைப் படிக்கும் கதவு மூடிவிட்டதாக நினைக்காதே. பேராதனையில் பொறியியல் பீடமும் விஞ்ஞான பீடமும் இருக்கின்றன. சுருளைச் சுற்றத் தெரிந்தவர்களும் இந்த வேலைக்கு வேண்டும். நீ போ.