தேங்கிய குடலும் திரும்பி வந்த கிருமியும்



மருத்துவத்தின் வரலாற்றை வெற்றிகளின் வரிசையாகவே நாம் படித்து வருகிறோம். ஆனால், கைவிடப்பட்ட ஒரு சிகிச்சையும் நமக்குப் பாடம் சொல்லும். உடல் எடையைக் குறைப்பதற்காகச் செய்யப்பட்ட ஓர் அறுவைச் சிகிச்சை, அதன்பின் விடாமல் தொல்லை கொடுத்த கிருமிகள், அவற்றை அடக்க வந்த மாத்திரை ஆகிய மூன்றின் கதையை இன்று பார்ப்போம்.

மனிதரின் சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுடையது. உணவின் சத்து பெரும்பாலும் அங்கேதான் உறிஞ்சப்படுகிறது. அந்த நீளத்தைக் குறைத்துவிட்டால் உண்பது உடலில் ஒட்டாது, எடையும் இறங்கும் என்று மருத்துவர்கள் கருதினர். 1954இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கிரெமன், லின்னர், நெல்சன் ஆகியோர் இத்தகைய அறுவையைப் பற்றி எழுதினர். பின்னர் கலிபோர்னியாவில் பெயின், டிவிண்ட் என்ற இருவர் அதற்கு ஓர் அளவு வகுத்து 1969இல் வெளியிட்டனர். சிறுகுடலின் மேற்பகுதியில் 35 சென்டிமீட்டர், கடைசிப் பகுதியில் 10 சென்டிமீட்டர் ஆகியவற்றை மட்டும் இணைத்து உணவுக்கு வழிவிடுவது அவர்கள் முறை. எஞ்சிய குடலை வெட்டி எறியவில்லை. அதன் மேல்முனையைத் தைத்து மூடி, வயிற்றுக்குள்ளேயே விட்டுவைத்தனர்.

எடை குறைந்தது உண்மை. அதிகப் பருமனால் நடக்கவும் மூச்சுவிடவும் வருந்தியவர்கள் மகிழ்ந்தனர். ஆயினும், சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ பலருக்குப் புதிய துன்பங்கள் தொடங்கின. வயிறு உப்பிசம், ஓயாத வயிற்றுப்போக்கு, காய்ச்சல், மூட்டுவலி, தோலில் கொப்புளங்கள் என்று அவை பலவகை. சிலருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்து, அது செயலிழந்து உயிரையே பறித்தது.

இதற்குக் காரணம் என்ன? நம் தோட்டத்து வடிகாலை நினைத்துப் பாருங்கள். நீர் ஓடும்வரை அது தூய்மையாக இருக்கும். ஓரிடத்தில் அடைத்துக்கொண்டால் நீர் தேங்கி, கொசுப்புழு பெருகும். ஒதுக்கப்பட்ட குடலிலும் அதுவே நடந்தது. உணவும் பித்தநீரும் ஓடி அலசாத அந்த இடத்தில், பெருங்குடலில் வாழவேண்டிய கிருமிகள் மேலேறிக் குடியேறின. காற்றில்லாத இடத்தில் வளரும் இனங்கள் அவற்றுள் மிகுதி. 1976இல் டிரெனிக் என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவினரும் இந்நோயை விளக்கி எழுதினர்.

இனி, மாத்திரையின் கதைக்கு வருவோம். மெட்ரோனிடசோல் என்ற மருந்தைப் பிரான்சு நாட்டில் உருவாக்கினர். 1960ஐ ஒட்டி அது விற்பனைக்கு வந்தபோது, பெண்களுக்கு வரும் ஓர் ஒட்டுண்ணி நோய்க்கே கொடுக்கப்பட்டது. அப்படி உட்கொண்ட ஒருவருக்கு ஈறுப்புண்ணும் ஆறிப்போனதை பிரிட்டனில் ஷின் என்ற பல் மருத்துவர் கவனித்து, 1962இல் அறிவித்தார். ஈறின் இடுக்கில் வாழ்பவை காற்றை விரும்பாத கிருமிகள். அவற்றின் உடலுக்குள் நுழைந்ததும் இம்மருந்து உருமாறி, அவற்றின் மரபுப் பொருளையே சிதைத்துவிடுகிறது. இப்படித் தற்செயலாகத் தெரியவந்த ஆற்றலே குடல் அறுவை நோயாளிகளுக்குக் கைகொடுத்தது.

மருந்து கொடுத்ததும் உப்பிசமும் மூட்டுவலியும் பலருக்குத் தணிந்தன. கல்லீரல் கெடுவது சத்துக்குறைவால்தான் என்று அதுவரை பலர் நம்பியிருந்தனர். சத்துக்குறைவு நீங்காத நிலையிலும், மெட்ரோனிடசோல் கல்லீரலில் கொழுப்பு சேராமல் தடுத்தது, சேர்ந்ததையும் கரைத்தது என்று டிரெனிக் குழுவினர் 1982இல் காட்டினர். கிருமிக்கும் அதில் பங்குண்டு என்பது தெளிவாயிற்று.

ஆனால், கதை இத்துடன் முடியவில்லை. மருந்தை நிறுத்தினால் பலருக்கு நோய் மீண்டும் தலைகாட்டியது. நீண்ட நாள் கொடுத்தாலோ கைகால் நரம்புகள் மரத்துப்போகும் அபாயம் உண்டு. வடிகாலில் எண்ணெய் தெளித்தால் இன்றைய புழு சாகும். அடைப்பை எடுக்காவிட்டால் நாளை வேறு புழு பிறக்கும் அன்றோ? ஆகவே, கடும் தொல்லைக்கு உள்ளானவர்களுக்கு மறுபடியும் அறுவை செய்து, குடலைப் பழையபடி இணைப்பதே நிலையான தீர்வாயிற்று. 1980களில் அந்த அறுவைமுறையே கைவிடப்பட்டது.

அதன் இடத்தைப் பிடித்தது, அயோவாவில் மேசன் என்பவர் 1966இல் தொடங்கிய இரைப்பை மாற்றுவழி அறுவை. பிற்காலத்தில் செம்மைப்படுத்தப்பட்ட அம்முறையில் உணவு செல்லாத குடற்பகுதி உண்டு. எனினும் பித்தநீரும் கணையநீரும் அதன் வழியே ஓடிக்கொண்டிருக்கும். பழைய தோல்வியில் கற்ற பாடத்திற்கு இது பொருந்தி வருகிறது. அப்படியும் சிலருக்குக் கிருமிகள் பெருகுவதுண்டு. அவர்களுக்கு மருத்துவர்கள் கிருமிக்கொல்லி மருந்தை அளவோடு தருகின்றனர்.

நேயர்களே, இத்தகைய அறுவைகள் இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நடைபெறுகின்றன. அறுவை செய்துகொண்டவர்கள் எந்த நோய்க்கு மருத்துவரைப் பார்த்தாலும் அதை முதலில் சொல்லிவிட வேண்டும். குடல் மாறினால் மருந்து உடலில் சேரும் அளவும் மாறக்கூடும். மீதமிருக்கும் மாத்திரையைத் தாமே எடுத்து விழுங்குவதும் தகாது. மருந்து உண்டும் நோய் திரும்பத் திரும்ப வருமானால், இன்னும் வலிய மருந்து எது என்று கேட்பதற்குமுன், கிருமி எங்கே தேங்கி நிற்கிறது என்று கேட்பதே அறிவுடைமை.