வெயில் வந்தாச்சு, டிக்கெட் விலையும் ஏறியாச்சு: பத்துமலைக்குப் போக எது கட்டுப்படியாகும்?

மலேசியாவில் ‘சம்மர்’ இருக்கா?

நான்கு பருவ நாடுகளைப் போல இல்லை. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே ஆண்டு முழுவதும் வெப்பம்தான். ஏறக்குறைய ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றின்போது மழை குறையும். அதைத்தான் வெயில் காலம் என்கிறோம்.

விமான டிக்கெட் ஏன் ஏறுது?

இருக்கைகள் நிரம்ப நிரம்ப நிறுவனங்கள் விலையைக் கூட்டும். விமான எரிபொருளை உலகச் சந்தை விலையில், டாலர் கணக்கில் வாங்க வேண்டும். ரிங்கிட் சரிந்தால் செலவு கூடும்.

காரில் போனால்?

2025 செப்டம்பர் 30-ல் புடி95 திட்டம் தொடங்கியபோது, தகுதியுள்ள குடிமக்களுக்கு ரோன்95 லிட்டர் 1.99 ரிங்கிட், மற்றவர்களுக்கு 2.60. கிள்ளானிலிருந்து பத்துமலைக்குப் போய் வர சுமார் 90 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 7.5 லிட்டர் வேண்டும். அந்த விலையில் சலுகையோடு 15 ரிங்கிட், சலுகை இல்லாமல் 20 ரிங்கிட் வரை ஆகும். கூட்டரசு நெடுஞ்சாலையில் 2018 ஜனவரி 1 முதல் டோல் இல்லை. பார்க்கிங் தனி.

ரயிலில் போனால்?

கொமுட்டர் மின்சாரத்தில் ஓடுகிறது. விமானம் மாதிரி விடுமுறை நாளில் கட்டணம் எகிறாது. தூரத்துக்கு ஏற்ற கட்டணம்தான். பிரிக்பீல்ட்ஸ் பக்கத்தில் உள்ள கேஎல் சென்ட்ரலிலிருந்து பத்துமலைக்கு 3 ரிங்கிட்டுக்கும் குறைவு. 2010-ல் திறந்த பத்துமலை நிலையம் கோயிலை ஒட்டியே இருக்கிறது. கிள்ளான்காரர்கள் கேஎல் சென்ட்ரலில் ரயில் மாற வேண்டும்.

மை50 பாஸ் செல்லுமா?

அது ரேப்பிட் கேஎல் சேவைகளுக்கான பாஸ். கொமுட்டரை நடத்துவது கேடிஎம். அதற்குத் தனி டிக்கெட் எடுக்கணும்.

அப்போ எது லாபம்?

ஒருவர், இருவர் என்றால் ரயில். ஐந்து பேர் ஒரே காரில் போனால் கார் செலவும் அதிகமில்லை. ஆனால் வீட்டில் கார் இல்லாதவர்களுக்கு அந்தத் தேர்வே கிடையாது. அவர்களுக்குக் கட்டணத்தைவிட ரயில் நேரத்துக்கு வருவதுதான் முக்கியம். கிளம்பும் முன் அட்டவணையைப் பாருங்கள்.

வெயிலுக்கு என்ன செய்யலாம்?

தொடர்ந்து 3 நாள் 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் பதிவானால் வானிலைத் துறை முதல் நிலை எச்சரிக்கை விடும். ஏற வேண்டியது 272 படிகள். வயதானவர்கள், பிள்ளைகளோடு போனால் காலையிலேயே ஏறிடுங்க, தண்ணீர் மறக்காதீங்க.