யாருடைய புத்தர்?

எங்கள் ஊர் வடக்கனந்தல். கல்வராயன் மலையின் அடிவாரத்தில், கோமுகி அணைக்கு அருகில் இருக்கிறது. அங்கிருந்து நண்பர்கள் சிலர் சேர்ந்து இலங்கைக்கு ஒரு பண்பாட்டுச் சுற்றுலா சென்றுவந்தோம். ஆறு நாட்கள், ஒரு வாகனம், ஒரு வழிகாட்டி. அநுராதபுரம், பொலன்னறுவை, கண்டி ஆகிய மூன்று பழந்தலைநகரங்களையும், அவற்றுக்கு இடையில் அமைந்த சிகிரியாவையும் தம்புள்ளையையும் சேர்த்து அங்கே 'பண்பாட்டு முக்கோணம்' என்கிறார்கள். 1980இல் யுனெஸ்கோவின் துணையோடு தொடங்கிய தொல்லியல் திட்டத்தால் நிலைபெற்ற பெயர் அது. பௌத்த நாடொன்றைப் பார்க்க வருபவருக்கு வகுத்து வைத்த பாதையும் அதுதான்.

எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி சிங்களவர். ஐம்பது வயதிருக்கும். திருத்தமான தமிழ் பேசினார். ஆண்டுகளையும் அரசர் பெயர்களையும் தாளைப் பார்க்காமல் சொல்லக்கூடியவர். அவருடைய பேச்சில் 'எங்கள்', 'உங்கள்' என்ற இரண்டு சொற்கள் ஓயாமல் வந்துகொண்டிருந்தன. எங்கள் தூபம், எங்கள் ஏரி, எங்கள் சங்கம். உங்கள் சோழர், உங்கள் படையெடுப்பு. அதில் பகை ஏதும் இல்லை. பள்ளியில் படித்ததை அவர் அப்படியே சொன்னார். நாங்களும் பள்ளியில் படித்தவாறே தலையாட்டிக்கொண்டிருந்தோம். இராஜராஜன் ஈழம் வென்றான் என்று மனப்பாடம் செய்தவர்கள்தானே நாம்.

கடைசி நாள் விமான நிலையத்தில் விடைபெறும்போது அவர் கேட்டார்: "ஐயா, உங்கள் ஊர்ப் பக்கம் புத்தர் உண்டா?"

உண்டு என்றேன். தியாகனூரைச் சொன்னேன்.

"அங்கே பிக்குகள் இருக்கிறார்களா?"

இல்லை என்றேன்.

"அப்படியானால் அவர் யாருடைய புத்தர்?"

நேரமாகிவிட்டது. சிரித்துக் கைகூப்பிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அநுராதபுரம்

ருவன்வெலிசாய தூபத்தின் வெண்மை கண்ணைக் கூசச் செய்வது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் துட்டகைமுனு எழுப்பியது. எல்லாளனை வென்ற அரசன் அவன். அங்கு நின்றபடி எங்கள் வழிகாட்டி அந்தப் போரை விவரித்தார். மகாவம்சம் எல்லாளனைச் சோழ நாட்டிலிருந்து வந்தவன் என்றும், நாற்பத்து நான்கு ஆண்டுகள் நண்பருக்கும் பகைவருக்கும் ஒரே நீதி வழங்கி ஆண்டவன் என்றும் கூறுகிறது. மனுநீதிச் சோழனைப் பற்றி நாம் கேட்டு வளர்ந்த ஆராய்ச்சி மணியும் தேர்க்காலில் மாண்ட கன்றும் அங்கே எல்லாளன் கதையாக உள்ளன. வென்றவன் தோற்றவனுக்கு நினைவிடம் எழுப்பி, அவ்வழியே செல்வோர் இசைக்கருவிகளை நிறுத்தி வணங்கவேண்டும் என்று ஆணையிட்டதையும் அதே நூல்தான் பதிவு செய்கிறது. எழுதியவர் ஒரு பௌத்த பிக்கு. பகைவனுக்கு இவ்வளவு இடம் கொடுத்த நூலை, பிற்காலத்தார் இரண்டு இனங்களின் போர்ப்பறையாக மட்டும் ஆக்கிவிட்டார்கள்.

அபயகிரி விகாரைக்கு எங்களை அழைத்துச் சென்றார்கள். அந்தப் பகுதியில், பயண நிரலில் இல்லாத ஓரிடம் இருக்கிறது. பரணவிதான 1940இல் அதைப் பற்றி எழுதினார். தமிழ் இல்லறத்தார் கூடும் மேடை என்று அங்குள்ள பிராமி எழுத்து தெரிவிக்கிறது. சமணன் என்ற பெயருடைய தமிழர் ஒருவர் அதை அமைத்தார். யார் யாருக்கு எந்த இருக்கை என்றும் பாறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஓர் இருக்கை மரக்கலத் தலைவனுக்கு உரியது. படையோடு வந்தவர்களாக அந்த எழுத்து இவர்களைக் காட்டவில்லை. நகரில் வீடும் தொழிலும் கொண்ட குடிகளாகக் காட்டுகிறது. அவர்கள் எச்சமயத்தார் என்று அந்த எழுத்து சொல்வதில்லை. ஆனால் வவுனியா மாவட்டத்துப் பெரிய புளியங்குளத்தில், விசாகன் என்ற தமிழ் வணிகன் பௌத்த சங்கத்திற்குக் குகை கொடுத்ததைக் கூறும் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. அதில் ஐயத்திற்கு இடமில்லை.

இன்னும் இரண்டு செய்திகளை இங்கே சேர்க்கவேண்டும். நாங்கள் பார்த்த ஜேதவனத் தூபம் ஒரு காலத்தில் 122 மீட்டர் உயரம் இருந்தது. அதை எழுப்பிய மகாசேனனுக்கு ஆசிரியராக இருந்தவர் சங்கமித்திரர் என்ற சோழ நாட்டுப் பிக்கு. மகாவிகாரையின் பழைய மரபோடு மோதி மன்னனை மகாயானத்தின் பக்கம் திருப்பியவர். மகாவம்சம் அவரைக் கடுமையாகவே நடத்துகிறது. ஆனால் அந்தச் சண்டை தமிழருக்கும் சிங்களவருக்கும் நடந்ததன்று. பௌத்தத்தின் இரு மரபுகளுக்கு இடையே நடந்தது. இரண்டாவது செய்தி இதற்கு நேர் எதிரானது. மகாவிகாரை மரபின் பாலி நூல்களுக்குப் பேருழைப்புத் தந்தவர்களில் புத்ததத்தர் ஒருவர். உறையூரைச் சேர்ந்தவர்; காவிரிப்பூம்பட்டினத்து விகாரையில் தங்கி எழுதியவர். ஆக, தேரவாதத்தை எதிர்த்தவரும் அதற்கு நூல் செய்தவரும் நம் பக்கத்திலிருந்து சென்றவர்களே.

பொலன்னறுவை

இங்கேதான் 'உங்கள் சோழர்' என்ற சொல் அதிகம் கேட்டது. கேட்கத்தான் வேண்டும். 993ஆம் ஆண்டையொட்டி இராஜராஜனின் படை வந்தது, அநுராதபுரம் வீழ்ந்தது. 1017இல் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டுச் சோழ நாட்டிலேயே இறந்தான். விகாரைகள் சூறையாடப்பட்டதைச் சூளவம்சம் வேதனையோடு சொல்கிறது. சோழப் பெருமை பேசும் நாம் இந்தப் பக்கத்தையும் படித்தாகவேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் செலவுக்கு ஈழத்து ஊர்களின் வருவாயும் சென்றது என்பது நம் கல்வெட்டிலேயே இருக்கிறது.

ஆனால் அதே சோழர் காலத்தில் திருகோணமலைக்கு அருகே வெல்கம் விகாரை என்றொரு பௌத்தப் பள்ளி இருந்தது. அதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று மறுபெயர். விளக்கெரிக்கக் கால்நடைகளும் பொருளும் கொடுத்தவர்களின் கல்வெட்டுகள் அங்கே தமிழில் இருக்கின்றன. கடலுக்கு இக்கரையில், நாகப்பட்டினத்தில், ஸ்ரீவிஜய அரசன் எடுப்பித்த சூடாமணி விகாரைக்கு இராஜராஜன் 1006இல் ஆனைமங்கலம் என்ற ஊரையே பள்ளிச்சந்தமாகக் கொடுத்தான். சைவனான ஓர் அரசன் ஓரிடத்தில் விகாரை சூறையாடப்படக் காரணமாகவும் இன்னோரிடத்தில் விகாரையின் புரவலனாகவும் இருக்கமுடிந்தது. ஆட்சியின் கணக்கு வேறு, மதத்தின் கணக்கு வேறு.

பொலன்னறுவையின் தந்ததாது கோயில் வளாகத்தில் எங்கள் வழிகாட்டி கல்பொத என்ற பெரிய கற்பலகையைக் காட்டினார். அதன் நீளத்தையும் எடையையும் சொன்னார். சற்றுத் தள்ளி நின்ற இன்னொரு கல்லைக் கடந்து நடந்துவிட்டார். நான் பின்தங்கி அதன் அருகே நின்றேன். தமிழ் எழுத்து. வேளைக்காரர் கல்வெட்டு அது. முதலாம் விஜயபாகு 1070இல் சோழரை வெளியேற்றியவன். அவனுடைய படையிலேயே தமிழ் பேசிய வேளைக்காரர் இருந்தனர். சோழர்மீது போர் தொடுக்கச் சொன்னபோது அவர்கள் கலகம் செய்து அரண்மனையையே கொளுத்தியதாகச் சூளவம்சம் கூறுகிறது. அதே வேளைக்காரர், அவன் இறந்த பின்னர், மூத்த பிக்கு ஒருவரும் அமைச்சர்களும் கேட்டுக்கொண்டபடி, புத்தரின் தந்ததாது இருக்கும் கோயிலைத் தங்கள் காவலில் ஏற்றார்கள். 'மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி' என்று அதற்குத் தங்கள் பெயரையே சூட்டினார்கள். தங்களுள் இடங்கையும் வலங்கையும் வடுகரும் மலையாளரும் இருப்பதைச் சொல்லி, அனைவரும் சேர்ந்து அதைக் காப்பதாக உறுதி செய்து கல்லில் வெட்டிவைத்தார்கள்.

சிங்கள அரசுரிமையின் அடையாளம் தந்ததாது. அதற்குத் தமிழில் எழுதப்பட்ட காவல் உறுதி இது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வாகனத்திலிருந்து என்னைக் கூப்பிடும் குரல் கேட்டது.

தம்புள்ளையும் கண்டியும்

சிகிரியாவைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அதன் படிகளும் ஓவியப் பெண்களும் பலரால் எழுதப்பட்டவை.

தம்புள்ளைக் குகையின் விதானத்தில் எல்லாளனும் துட்டகைமுனுவும் யானைமேல் பொருதும் காட்சி தீட்டப்பட்டிருக்கிறது. வழிகாட்டி விளக்கால் அதைச் சுட்டிக்காட்டினார். இன்று அங்கு காணும் ஓவியங்களில் பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டில், கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்துத் திருப்பணியில் எழுந்தவை. அந்த அரசன் நாயக்கர் மரபினன். தென்னிந்தியாவிலிருந்து கண்டிக்கு மணவுறவால் சென்று, 1739இல் அரியணை ஏறிய குடும்பத்தைச் சேர்ந்தவன். இலங்கையில் துறவுநிலைப்பேற்றுச் சடங்கு நடத்தவல்ல பிக்குகளே இல்லாமல் போயிருந்த நிலையில், 1753இல் சயாமிலிருந்து உபாலி தேரரை வரவழைத்து, அறுந்த மரபை மீண்டும் தொடங்கிவைத்தவன் அவனே. சியாம் நிகாய இன்றும் அத்தீவின் பெரிய பௌத்த நிகாயங்களுள் ஒன்று. கண்டி தலதா மாளிகையின் பொறுப்பில் இருப்பதும் அதுவே.

அந்த மரபின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன். 1815இல் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டு, வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டு, 1832இல் அங்கேயே மறைந்தான். பாலாற்றங்கரையில் அவனுக்கு முத்துமண்டபம் இருக்கிறது. பௌத்த நாட்டின் கடைசி மன்னன் உறங்குவது நம் வட ஆற்காட்டு மண்ணில்.

திரும்பிய பிறகு

ஊருக்கு வந்த அடுத்த வாரம் தியாகனூர் சென்றேன். கள்ளக்குறிச்சியிலிருந்து சேலம் சாலையில் சின்னசேலம் தாண்டித் தலைவாசல். அங்கிருந்து உள்ளே பிரியவேண்டும். வாணகோவரையரின் ஆறகழூர் பக்கத்தில்தான். தியாகனூரில் ஆளுயரத்திற்குக் குறையாத இரண்டு புத்தர்கள் உள்ளனர். தியான நிலையில் அமர்ந்த கருங்கல் திருமேனிகள். வயலுக்கு நடுவே நெடுங்காலம் வெயிலிலும் மழையிலும் இருந்தவருக்கு இப்போது மண்டபம் இருக்கிறது.

சேலத்தில் இன்னொரு கதை. தலைவெட்டி முனியப்பன் என்ற பெயரில் வழிபடப்பட்டுவந்த சிலை புத்தருடையதே என்று தொல்லியல் துறை ஆராய்ந்து சொன்னதை ஏற்று, 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் நாட்டார் தெய்வங்கள் சிலவற்றின் அடியில் புத்தர் இருக்கிறார் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதிவந்தவர் அயோத்திதாசப் பண்டிதர். 1898இல் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று பௌத்தம் ஏற்றவர் அவர். சாதியின் சுமையால் வதைபட்டவர்களுக்கு இழந்துபோன ஒரு வரலாற்றைத் திரும்பக் கொடுப்பதற்கான பயணம் அது. நாங்கள் சென்றது போன்ற உல்லாசப் பயணமன்று. மயிலை சீனி. வேங்கடசாமி 'பௌத்தமும் தமிழும்' எழுதி 1940இல் வெளியிட்டார். எனினும் பொதுப்புத்தியில் தமிழ் என்றால் சைவமும் வைணவமும்தான். மணிமேகலையை ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றாக ஒப்புவிக்கிறோம். அது ஒரு பௌத்த நூல் என்பதை அடுத்த வரியிலேயே மறந்துவிடுகிறோம். வீரராஜேந்திரன் பெயரால் இலக்கணம் செய்த புத்தமித்திரர் பௌத்தர் என்பதும் நினைவில் இருப்பதில்லை.

இங்கே நாம் மறந்ததற்கு அங்கே விலை கொடுக்கிறார்கள். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் நிலத்தடியில் ஒரு தூபம் தென்பட்டால் அது சிங்களவருடைய நிலம் என்பதற்குச் சான்றாகிவிடுகிறது. அதை அஞ்சும் தமிழர் அங்கே பௌத்தமே இருந்ததில்லை என்று மறுக்கத் தலைப்படுகிறார்கள். முல்லைத்தீவின் குருந்தூர்மலையில் அண்மை ஆண்டுகளில் நடந்த பிணக்கு எல்லோரும் அறிந்ததே. மொழியையும் மதத்தையும் ஒன்றாகக் கட்டிவிட்டால், கல் எது சொன்னாலும் அது ஒருவரை வெளியேற்றும் கட்டளையாகவே கேட்கும். தமிழ்ப் பௌத்தர் இருந்தார்கள் என்ற எளிய உண்மை அந்தக் கட்டை அவிழ்க்கக் கூடியது. அதையே இன்னொரு உரிமைப் பட்டாவாக நாம் மாற்றிக்கொள்ளாத வரையில்.

மகாவம்சத்திலும் மணிமேகலையிலும் ஒரு கதை பொதுவாக இருக்கிறது. ஓர் இருக்கைக்காக நாக அரசர் இருவர் போரிடுகிறார்கள். இருவருமே எனது என்கிறார்கள். புத்தர் வந்து அறம் சொல்லிப் போரை நிறுத்துகிறார். பாலியிலும் தமிழிலும் ஒரே கதையைப் போற்றி வைத்திருந்தவர்களின் வழிவந்தவர்கள்தாம் நாங்களும் எங்கள் வழிகாட்டியும்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள். இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கினார்கள். சூடாமணி விகாரை இருந்த ஊரில் ஏறி, கந்தரோடைத் தூபங்களுக்கு அருகில் இறங்கும் வழி அது. அடுத்த பயணம் அப்படித்தான் என்று எண்ணியிருக்கிறேன். வழிகாட்டிக்குத் தியாகனூர்ப் புத்தரின் படமொன்றை அனுப்பினேன். கீழே ஒரே வரி எழுதினேன்: "எங்கள் வயலில் இருந்தவர், நீங்களும் வந்து பார்க்கவேண்டும்."

வருகிறேன் ஐயா என்று பதில் வந்தது.