உப்புக்கு ஒரு வேலி

தோட்டத்துக்கு உயிர்வேலி வைக்க என்ன செடி நல்லது என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆடு தின்னக் கூடாது. வருஷம் பூராவும் பச்சையாக இருக்க வேண்டும். ஒரு காலத்தில் சர்க்காருக்கே இந்தக் கவலை இருந்தது!

வங்காளத்தில் உப்பு வரி அதிகம்; மேற்கே குறைவு. மலிவு உப்பைக் கடத்தி வராமல் தடுக்க, சிந்து நதியிலிருந்து மகாநதி வரை சுங்க எல்லை போட்டார்கள். 1869-ல் அதன் நீளம் 2,300 மைல். காவலுக்குச் சுமார் 12,000 பேர். முதலில் முள்ளை வெட்டிப் போட்டுப் பார்த்தார்கள். கரையான் தின்றது, நெருப்புப் பிடித்தது. 1867-ல் சுங்கக் கமிஷனராக வந்த ஹ்யூம் துரை, உயிர்வேலிதான் சரி என்று முடிவு கட்டினார். பிற்பாடு, 1885-ல், காங்கிரஸ் தோன்றக் காரணமாயிருந்த அதே ஹ்யூம்தான். மனிதர் மண்ணைப் பார்த்துச் செடி தேர்ந்தார்: கருவேல், இலந்தை, களா. (களாக்காய் ஊறுகாய்க்கும் உப்பு வேண்டுமே!) வேறொன்றும் பிழைக்காத கட்டாந்தரையில் சப்பாத்திக்கள்ளி. நன்றாக வளர்ந்த இடங்களில் வேலி பத்தடிக்கு மேல் நின்றது. ஏழையின் கஞ்சியில் விழும் கல் உப்பைத் தடுக்க இத்தனை தோட்ட சாஸ்திரம்!

1879 ஏப்ரலில் வேலியைக் கைவிட்டார்கள். இரக்கத்தால் அல்ல. ராஜபுதனத்துச் சாம்பர் ஏரி 1870-லேயே குத்தகைக்குக் கிடைத்துவிட்டது. உப்பு விளைகிற இடத்திலேயே வரி வாங்கலாம். மாகாணங்களின் வரியையும் ஏறக்குறையச் சமமாக்கினார்கள். எப்படி? 1878-ல் வடக்கே கொஞ்சம் குறைத்து, பம்பாயிலும் சென்னையிலும் ஏற்றி. சென்னை மாகாணம் அப்போதுதான் தாது வருஷப் பஞ்சத்திலிருந்து எழுந்து உட்கார்ந்திருந்தது.