மொட்டை மாடியில் ஷெட் போடுறீங்களா? கம்பியைப் பாருங்க, பிளானையும் பாருங்க!

கத்திரி வெயில் வந்தாலே வெல்டிங் பட்டறைகளில் கூட்டம் கூடி விடும். மொட்டை மாடிக்கு தகர ஷெட், வாசலுக்கு போர்டிகோ, முன்பக்கம் ஒரு பால்கனி என்று ஆர்டர் குவியும். "நம்ம வீடு, நம்ம மாடி, யாரு கேட்கப் போறா?" என்பதுதான் பலரது நினைப்பு.

ஆனால் 1971-ம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்பு சட்டத்தில் கட்டிடம் என்றால் செங்கல், சிமெண்டு மட்டும் அல்ல. மரம், மண், இரும்பு எதில் போட்டாலும் கட்டிடம்தான். ஷெட் என்ற வார்த்தையே அதில் இருக்கிறது. "தகரம்தானே, கழட்டி மாட்டிக்கலாம்" என்று சொல்லும் மேஸ்திரி, நோட்டீசு வரும்போது பக்கத்தில் இருக்க மாட்டார்.

வெள்ளையடிக்க, சுவர் பூச, தரைக்கு டைல்ஸ் ஒட்ட அனுமதி தேவையில்லை. புது அறை, பால்கனி, மாடிக் கட்டிடம் என்றால் பிளான் அப்ரூவல் வேண்டும். 2019 முதல் மாநிலம் முழுவதற்கும் ஒரே கட்டிட விதிதான்.

பிளானில் காலி இடம் என்று காட்டிய பக்கத்தை மூடினால் விதிமீறல். வாசல்படியை தெருவில் இறக்கினால் ஆக்கிரமிப்பு. அனுமதி இல்லாத கட்டிடத்துக்கு வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீசு, பிறகு சீல், இடிப்பு என்று போகும். கடன் வாங்கிப் போட்ட காசு அதோடு போச்சு.

உயிருக்கே உலை

இதெல்லாம் பணக் கஷ்டம். மின்கம்பி விஷயம் உயிர் போகிற விஷயம். பால்கனியை வெளியே நீட்டும்போது தெருக் கம்பி கை எட்டும் தூரத்துக்கு வந்து விடுகிறது. வீட்டு இணைப்பு கொடுக்கும் தாழ்வழுத்தக் கம்பிக்கும் சுவருக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர், அதாவது 4 அடி இருக்க வேண்டும். மாடிக்கு மேலே போனால் 2.5 மீட்டர். 11 ஆயிரம் வோல்ட் லைன் என்றால் மேலே 3.7 மீட்டர் தேவை. காற்றில் கம்பி ஆடும் தூரத்தையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

ஷெட் வேலையில் நீளமான இரும்பு பைப்பை மேலே தூக்கும் நேரம்தான் மிகவும் ஆபத்து. கம்பி பக்கத்தில் கட்டுவதாக இருந்தால் வேலை தொடங்கும் முன்பே மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். கம்பியை மாற்றச் சொன்னால் செலவு வீட்டுக்காரருடையது.

உடனடி அனுமதி யாருக்கு?

புதிதாக வீடு கட்டுவோருக்கு 2024 ஜூலை 22-ந் தேதி சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டிடம், தரைத்தளம் அல்லது அதோடு முதல் மாடி என்றால் ஆன்லைனில் உடனே அனுமதி. பத்திரம், பட்டா, பிளான் கையில் இருக்க வேண்டும். அதிகாரி நேரில் வந்து பார்க்க மாட்டார். அதனால் பொய்யான அளவு கொடுத்தால் பொறுப்பு முழுக்க விண்ணப்பித்தவர் தலையில்தான்.